வில்லுப்பாட்டுத் தாளத்தைக் கணினியில் வாசிக்க வைப்பது: நோட்டுகளை வரிசைப்படுத்த எந்த டேட்டா ஸ்ட்ரக்சர்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டும் சிங்காரி மேளமும் காதுக்குப் பழகிய சத்தம். கோயில் கொடை விழாவுக்குப் பாடப் பழகுகிறவர்களுக்காக ஒரு தாள மென்பொருள் எழுதலாமே என்று அவர்களில் சிலர் இறங்குகிறார்கள். வில், குடம், உடுக்கை, ஜால்ரா என்று ஒலிகளைப் பதிவு செய்வதும், திரையை அமைப்பதும் எப்படியாவது முடிந்துவிடும். சிக்கிக்கொள்வது ஓரிடத்தில்தான். எந்த அடி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்ற பட்டியலை எதில் வைப்பது, எப்படி எடுப்பது? அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு நோட். அவற்றை மெமரியில் அடுக்கி வைக்கும் முறைக்குத்தான் டேட்டா ஸ்ட்ரக்சர் என்று பெயர்.

இணையத்தில் தேடினால் "ஹீப் போடு" என்று ஒருவர் சொல்வார், "ட்ரீ போடு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் அடுக்கும் முறைகளே, தவறில்லை, ஆனால் கேள்வியே அங்கே தொடங்குவதில்லை. நோட்டுகள் எப்படி வந்து சேர்கின்றன, எப்படி வெளியேறுகின்றன என்று பார்த்த பிறகுதான் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே மென்பொருளுக்குள் மூன்று நான்கு விதமான வரிசைகள் இருப்பது இயல்பு. இந்த வழிகாட்டி முழுக்க ஒரு வில்லுப்பாட்டுப் பயிற்சி மென்பொருளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான்கு தாளக் கருவிகள், பின்னால் ஓடும் ஒரு சுருதி, அவ்வளவுதான்.

படி 1: கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

ஒலி அட்டை உங்களிடம் சாம்பிள்களை, அதாவது ஒலியின் ஒவ்வொரு கணத்து அளவையும் குறிக்கும் எண்களை, கட்டுக்கட்டாகக் கேட்கும். விநாடிக்கு 48,000 சாம்பிள், ஒரு கட்டுக்கு 256 சாம்பிள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 5.33 மில்லி விநாடி. அதற்குள் அடுத்த கட்டு தயாராகவில்லை என்றால் 'டப்' என்று வெட்டு விழும். கேட்கிறவர் காதில் அந்த வெட்டு மட்டும்தான் நிற்கும்.

இதனால் இங்கே சராசரி வேகத்துக்கு மதிப்பில்லை. மிக மோசமான ஒரு தடவை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் முக்கியம். தானாக வளரும் அரேயை, அதாவது மெமரியில் அடுத்தடுத்து வைத்த வரிசையைப் பாருங்கள். ஆயிரம் தடவை சட்டென்று வேலை முடியும், ஆயிரத்தோராவது தடவை இடம் போதாமல் மொத்தத்தையும் புது இடத்துக்கு நகலெடுக்கும். வங்கிக் கணக்கு மென்பொருளில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆடியோ த்ரெட்டில், அதாவது மென்பொருளுக்குள் ஒலியை மட்டும் கவனிக்கும் ஓட்டத்தில், அது காதில் விழும். சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஹாஷ் டேபிள் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும்போதும் இதே கதைதான்.

ஆகவே ஆடியோ கால்பேக்குக்குள், அதாவது ஒலி அட்டை கட்டைக் கேட்கும்போது ஓடும் நிரலுக்குள், புதிதாக மெமரி கேட்கக் கூடாது, மற்ற த்ரெட்டுக்காகக் காத்திருக்க வைக்கும் லாக் பிடிக்கக் கூடாது, கோப்பைத் தொடக் கூடாது. தேவையான இடத்தை மென்பொருள் தொடங்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். இதற்குக் கீழ்ப்படியாத எந்த டேட்டா ஸ்ட்ரக்சரும், பாடப் புத்தகத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வேலைக்கு ஆகாது.

படி 2: நேரத்தை முழு எண்ணில் வையுங்கள், நம் நடைகளுக்குப் பொருந்தும் எண்ணில்

நோட்டின் நேரத்தை விநாடியில் தசம எண்ணாக வைக்க ஆசை வரும். வேண்டாம். வரிசைப்படுத்தும்போது "இரண்டும் ஒரே நேரமா?" என்ற கேள்விக்குத் தசம எண் நம்பகமான பதில் தராது. தாளத்தின் ஓர் அடியை (ஓர் எண்ணிக்கையை) இத்தனை டிக் என்று பிரித்து, முழு எண்ணாகவே வையுங்கள்.

எத்தனை டிக்? நடை என்பது ஓர் அடியை 3, 4, 5, 7 அல்லது 9 ஆகப் பிரிப்பது, எல்லாவற்றுக்கும் அந்த எண் ஈடுகொடுக்க வேண்டும். மிடி (இசைக் கருவிகளும் கணினியும் நோட்டுகளைப் பரிமாறும் முறை) உலகில் 480, 960 ஆகிய இரண்டும் வழக்கமானவை. இரண்டும் 3, 4, 5-ஆல் மீதியின்றி வகுபடும். மிஸ்ர நடைக்கு 7-ஆல் வகுக்கும்போதுதான் தடங்கல் வரும்: 960-ஐ 7-ஆல் வகுத்தால் 137.14. சங்கீர்ணத்துக்கு 9-ஆல் வகுத்தால் 106.67. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் ஐந்துக்கும் பொதுவாக அமையும் மிகச் சிறிய எண் 1260. துரித காலத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் நான் பரிந்துரைப்பது 5040. அதை 7-ஆல் வகுத்தால் 720, 9-ஆல் வகுத்தால் 560, 16-ஆல் வகுத்தால் 315. மிடி கோப்பில் இந்த எண்ணுக்கு 32,767 வரை இடமுண்டு, ஆகவே 5040 தாராளமாகப் பொருந்தும்.

குறியுள்ள 32 பிட் எண்ணில் இது வழிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஏறக்குறைய 59 மணி நேரம் தாங்கும். விடிய விடிய நடக்கும் கொடைப் பாட்டையும் முழுசாக வைக்கலாம்.

டிக்கைச் சாம்பிளாக மாற்றும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். மேலே சொன்ன வேகத்தில், 48,000 சாம்பிளில், ஓர் அடி என்பது 24,000 சாம்பிள். மிஸ்ரத்தில் ஏழாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 3428.57. பின்னத்தை வெட்டிவிட்டு 3428, 3428 என்று கூட்டிக்கொண்டே போனால் ஓர் அடிக்கு 4 சாம்பிள் தொலையும். ஆயிரம் அடி கழித்துப் பார்த்தால் 4,000 சாம்பிள், அதாவது 83 மில்லி விநாடி. குடம் வில்லை விட்டு நன்றாகவே விலகியிருக்கும். முந்தைய நோட்டின் மேல் கூட்டாதீர்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் அதன் முழு டிக்கிலிருந்தே சாம்பிளைக் கணக்கிடுங்கள், பிழை சேராது.

ஒரு நோட்டை 16 பைட்டில் அடக்கிவிடலாம். தொடக்க டிக், நீளம், வரிசை எண் மூன்றுக்கும் நான்கு நான்கு பைட். வகை, கருவி, சுருதி, அடியின் வலு நான்குக்கும் ஒவ்வொரு பைட். இன்றைய பெரும்பாலான ப்ராசஸர்கள் மெமரியை 64 பைட் துண்டுகளாகத்தான் இழுக்கின்றன. ஒரு துண்டில் நான்கு நோட் வந்து விழும். கீழே சொல்லப்போகும் பல முடிவுகளுக்கு இதுவே காரணம்.

படி 3: முன்பே தெரிந்த நோட்டுகளுக்கு வரிசைப்படுத்திய அரே

பயிற்சிப் பாட்டின் தாளம் முழுவதும் முன்கூட்டியே எழுதி வைத்தது. அதற்கு நேர வரிசையில் அடுக்கிய சாதாரண அரேயும், "இதுவரை வாசித்தாயிற்று" என்று காட்டும் ஓர் எண்ணும் போதும். ஒவ்வொரு கட்டுக்கும் அந்த எண்ணிலிருந்து முன்னேறி, கட்டின் முடிவு நேரம் வரை உள்ள நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட வேகமான வழி கிடையாது. கணினி இசையின் தொடக்க காலத்திலிருந்தே நடைமுறை இதுதான். சிசவுண்ட் என்ற ஒலி நிரல் மொழி இன்றும் ஸ்கோரை (நோட்டுப் பட்டியலை) முதலில் நேர வரிசையில் அடுக்கிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குகிறது.

"நடுவில் ஒரு நோட்டைச் செருகினால் மிச்சத்தை எல்லாம் தள்ள வேண்டுமே, ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் லிங்க்டு லிஸ்ட் நல்லதில்லையா?" என்று கல்லூரியில் படித்தவர்கள் கேட்பார்கள். 5,000 நோட் உள்ள பாட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தமே 80,000 பைட். முதல் இடத்தில் செருகி எல்லாவற்றையும் தள்ளினாலும் சாதாரண போனில்கூட ஒரு மில்லி விநாடிக்கு வெகு கீழே முடிந்துவிடும், அதுவும் திரையைத் தொடும்போது மட்டும். லிங்க்டு லிஸ்டிலோ ஒவ்வொரு நோட்டும் மெமரியில் ஒவ்வொரு மூலையில் கிடக்கும். செருகுவதில் மிச்சமாகும் நேரத்தை வாசிக்கும் ஒவ்வொரு கட்டிலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். வாசிப்பவர் ஒரு தடவை திருத்தி ஆயிரம் தடவை கேட்பார். எனவே கேட்பதற்குத்தான் வசதி செய்ய வேண்டும்.

பாட்டின் நடுவுக்குத் தாவும்போது பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் போதும், 5,000 நோட்டில் தேட அதிகபட்சம் 13 ஒப்பீடு. சுழற்சியில் வாசிக்கும்போது, அதாவது ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பழகும்போது, சுழற்சியின் முடிவு கட்டின் நடுவில் விழலாம். கட்டை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை முடித்து, எண்ணைப் பின்னுக்கு நகர்த்தி, மீதியைத் தொடருங்கள். பலரும் இதைக் கட்டின் முடிவுக்கு ஒத்திப்போடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி கொஞ்சம் தாமதமாகும்.

மிடி கோப்பிலிருந்து ஏற்றும்போது ஒரு குறிப்பு. அதில் நேரங்கள் "முந்தையதிலிருந்து இவ்வளவு தள்ளி" என்றுதான் எழுதப்பட்டிருக்கும். அப்படியே வைத்துக்கொண்டால் நடுவுக்குத் தாவ முடியாது. ஏற்றும்போதே கூட்டி முழு டிக்காக மாற்றி, எல்லா ட்ராக்கையும் ஒரே அரேயில் சேர்த்து, சம நேரத்தில் வருபவற்றின் முன்பின் மாறாத சார்ட்டைப் பயன்படுத்துங்கள்.

படி 4: அப்போதைக்கப்போது பிறக்கும் நோட்டுகளுக்கு ஹீப்

பயிற்சி செய்பவர் திரையில் தட்டுகிறார், எக்கோ நான்கு தடவை திரும்பி ஒலிக்க வேண்டும், தொடங்கிய நோட் இத்தனை டிக் கழித்து நிற்க வேண்டும். இவை எதுவும் நேர வரிசையில் வருவதில்லை. ஆனால் நமக்கு எப்போதும் வேண்டியது அடுத்து வரப்போகும் ஒன்றே ஒன்று. இந்தத் தேவைக்கு நேராகப் பொருந்துவது பைனரி ஹீப், அதாவது மிகச் சிறியது எப்போதும் உச்சியில் நிற்கும்படி கிளை கிளையாக அடுக்குவது. 1964-இல் கணினியியலாளர் வில்லியம்ஸ் அறிமுகப்படுத்திய இது ஓர் அரேக்குள்ளேயே அடங்கும், கூடுதல் மெமரி கேட்காது. ஆயிரம் நோட் காத்திருந்தாலும் ஒன்றைப் போடவோ எடுக்கவோ சுமார் பத்து நிலை ஏறி இறங்கினால் சரி.

ஹீப்பில் ஒரு பொறி இருக்கிறது, இங்கே கொஞ்சம் நிற்போம். ஒரே நேரமுள்ள இரண்டு நோட்டுகளில் எது முதலில் வெளியே வரும் என்று ஹீப் உறுதி தராது. வில்லும் குடமும் ஒரே டிக்கில் விழுந்தால் முன்பின் மாறினாலும் கேடில்லை, இரண்டும் ஒரே சாம்பிளில்தான் ஒலிக்கும். உடுக்கையின் சங்கதி வேறு. இடையில் கட்டிய கயிற்றை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், அதுதான் உடுக்கையின் குரல். மென்பொருளில் இது இரண்டு நிகழ்வாக வரும். சுருதியை ஏற்று, பிறகு அடி. இரண்டுக்கும் டிக் ஒன்றே. ஹீப் அடியை முதலில் கொடுத்துவிட்டால், பழைய சுருதியில் அடி தொடங்கி, உடனே மேலே வழுக்கும். அதுவும் எப்போதாவதுதான் நடக்கும், ஏனென்றால் அப்போது ஹீப்பில் வேறு என்னென்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. வில்லுப்பாட்டுக் குழுவை நடத்திப் பாடுகிற அண்ணாவி கேட்டால் "மக்கா, உடுக்கை எடைக்கெடைக்கு இழையுதே" என்று மட்டும் சொல்வார். நீங்கள் ஒலிப்பதிவைக் குறை சொல்லித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தீர்வு எளிது. ஒப்பீட்டில் டிக்கை மட்டும் பார்க்காதீர்கள். டிக் சமமானால் வகையைப் பாருங்கள்: நிறுத்துதல் முதலில், சுருதி போன்ற கட்டுப்பாடுகள் அடுத்து, புதிய அடி கடைசியில். வகையும் சமமானால் உள்ளே வந்த வரிசை எண். மூன்றையும் சில பிட்டுகளைக் குறைத்து ஒரே 64 பிட் எண்ணாக அடுக்கிவிட்டால் ஒரே ஒப்பீட்டில் வேலை முடியும். படி 3-இல் சொன்ன அரேக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

போட்டதை ரத்து செய்வது ஹீப்பின் இன்னொரு பலவீனம். நடுவில் தேடி எடுப்பது வீண் வேலை. ஒவ்வொரு நோட்டிலும் ஒரு தலைமுறை எண்ணை வைத்து, பாட்டை நிறுத்தும்போதோ தாவும்போதோ அந்த எண்ணை ஒன்று கூட்டிவிடுங்கள். பழைய எண்ணோடு வெளியே வருவதைத் தூக்கி எறியலாம். ஆனால் ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டின் நிறுத்தமும் அப்படித் தூக்கி எறியப்பட்டால் அது நிற்காமல் ஊளையிடும். அதனால் இப்போது ஒலிப்பவை எவை என்று தனியாக ஒரு அட்டவணை வேண்டும். மிடி கணக்கில் 16 சேனல், 128 நோட், மொத்தம் 2,048 கட்டம். தாவும்போது அதைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரே நோட் மேல் நோட்டாக இரண்டு தடவை தொடங்கலாம் என்பதால் கட்டத்தில் ஆம், இல்லை என்று வைக்காமல் எண்ணிக்கையாக வையுங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. நான்கு கருவி மட்டுமே என்றால் ஒரு நேரத்தில் காத்திருப்பது சில பத்து நோட்டுகள்தான். அதற்கு 64 இடமுள்ள சின்ன அரேயை வரிசையாக வைத்து, புதியதைச் சரியான இடத்தில் நுழைத்தாலே ஹீப்புக்குச் சமமாக ஓடும். பிழை தேடும்போது அச்சடித்துப் பார்க்கவும் எளிது. சிறியதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

படி 5: மேளம் பெருகும்போது டைமிங் வீல்

சிங்காரி மேளத்தை எடுத்துக்கொள்வோம். முப்பது செண்டை ஒன்றாக அடிக்கும்போது அவை அச்சாக ஒரே கணத்தில் விழுவதில்லை. அந்தச் சின்னச் சின்ன விலகல்தான் அதன் கனம். அதை உருவாக்க ஒவ்வொரு அடியையும் முப்பதாகப் பெருக்கி, ஒவ்வொன்றையும் சில மில்லி விநாடி நகர்த்திப் போடுவோம். துரிதத்தில் காத்திருக்கும் நோட்டுகள் ஆயிரக்கணக்கில் ஏறும்.

இங்கே டைமிங் வீல் கைகொடுக்கும். கணினியியலாளர்கள் ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் 1987-இல் நெட்வொர்க், இயங்குதள டைமர்களுக்காக விவரித்த முறை. வட்டமாக 256 கட்டம் என்று வையுங்கள், ஒரு கட்டத்துக்கு 256 சாம்பிள். ஒரு சுற்று 65,536 சாம்பிள், சுமார் 1.37 விநாடி. நோட் விழும் சாம்பிளை 256-ஆல் வகுத்து, ஈவை மறுபடியும் 256-ஆல் வகுத்த மீதிதான் கட்ட எண், அங்கே போட்டுவிட வேண்டியதுதான். எத்தனை நோட் காத்திருந்தாலும் போடும் செலவு மாறாது. அந்தக் கட்டம் வரும்போது உள்ளிருக்கும் சிலவற்றை மட்டும் வரிசைப்படுத்துங்கள். ஒரு சுற்றுக்கு அப்பால் உள்ளவை ஹீப்பிலேயே காத்திருக்கட்டும், நேரம் நெருங்கும்போது சக்கரத்துக்குள் இறங்கும்.

கட்டத்தின் அளவை ஒலி அட்டை கேட்கும் கட்டின் அளவோடு இணைத்துவிடாதீர்கள். போன்களில் ஒவ்வொரு தடவையும் கேட்கப்படும் சாம்பிள் எண்ணிக்கை மாறலாம்.

படி 6: வேகம் மாறும்போது இரண்டு கடிகாரம்

சாமி அழைக்கும் இடம் நெருங்க நெருங்கப் பாட்டு ஓட்டமெடுக்கும். இந்த வேகமாற்றம் இல்லாத வில்லுப்பாட்டு மென்பொருள் யாருக்கும் உதவாது. ஹீப்பில் நோட்டுகளைச் சாம்பிள் கணக்கில் போட்டு வைத்திருந்தால், வேகம் மாறிய கணமே உள்ளே இருப்பவை எல்லாம் தவறான நேரமாகிவிடும். டிக் கணக்கில் போட்டிருந்தால் வேகம் எப்படி மாறினாலும் முன்பின் வரிசை மாறாது, வெளியே எடுக்கும்போது மாற்றிக்கொண்டால் போதும்.

ஆனால் எக்கோ, "300 மில்லி விநாடி கழித்து" என்று சொன்னால் அது தாளத்தின் நேரமில்லை, கடிகார நேரம். செண்டைகளின் சிறு விலகலும் அப்படித்தான். ஆகவே டிக்குக்கு ஒரு வரிசை, சாம்பிளுக்கு ஒரு வரிசை என்று இரண்டையும் பிரித்தே வையுங்கள். ஒவ்வொரு கட்டிலும் இரண்டின் தலையையும் பார்த்து, முந்தியதை எடுங்கள். வேகப் பட்டியலே ஒரு சின்ன அரே: மாறும் டிக், அதுவரை கடந்த சாம்பிள், புதிய வேகம். கடந்த சாம்பிளை முன்பே கூட்டி வைத்திருந்தால் எந்த டிக்கையும் ஒரு தேடலில் சாம்பிளாக்கலாம்.

படி 7: திரைக்கும் ஒலிக்கும் நடுவே ரிங் பஃபர்

திரையைக் கவனிக்கும் த்ரெட்டும் ஆடியோ த்ரெட்டும் ஒரே வரிசையைத் தொடக் கூடாது. ஒருவர் மட்டும் எழுதி ஒருவர் மட்டும் படிக்கும் ரிங் பஃபரை, அதாவது முடிவு வந்ததும் தொடக்கத்துக்கே திரும்பும் அரேயை, நடுவில் வையுங்கள். 1,024 இடம் போதும், இரண்டின் அடுக்காக இருந்தால் சுற்றிவரும் கணக்கு எளிதாகும். நிரம்பிவிட்டால் காத்திருக்க வேண்டியது திரை த்ரெட், ஒருபோதும் ஆடியோ த்ரெட் இல்லை.

பாட்டையே திருத்தும்போது, திரை த்ரெட் புதிய அரே ஒன்றை முழுசாகத் தயாரித்து அதன் முகவரியை மட்டும் அனுப்பட்டும். ஆடியோ த்ரெட் கட்டின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்டு, பழைய முகவரியை இன்னொரு ரிங் பஃபர் வழியாகத் திருப்பி அனுப்பட்டும். அழிப்பது திரை த்ரெட்டின் வேலை. ஜாவா, கோட்லினில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நோட்டையும் தனி ஆப்ஜெக்டாக உருவாக்காமல் எண் அரேக்களில் வைத்தால் பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டருக்கு வேலை குறையும். பிரவுசரில் எழுதுவதானால், 25 மில்லி விநாடிக்கு ஒரு முறை விழிக்கும் டைமரை வைத்து, அடுத்த 100 மில்லி விநாடிக்குள் வருபவற்றை ஆடியோ கடிகாரத்தின் நேரத்தோடு முன்பதிவு செய்யுங்கள். டைமரையே நம்பி நேரடியாக ஒலிக்க விட்டால் தாளம் தள்ளாடும்.

படி 8: திரையில் காட்டவும் நடுவில் தொடங்கவும்

இது தனிக் கேள்வி: "இந்த நேரத்தில் எந்தெந்த நோட் ஒலித்துக்கொண்டிருக்கிறது?" தொடக்க நேரப்படி அடுக்கிய அரே இதற்குப் பதில் சொல்லாது. சுருதி 0-ஆவது டிக்கில் தொடங்கிப் பாட்டு முழுக்க எட்டு நிமிடம் நீள்கிறது. பயிற்சி செய்பவர் நடுவில் தாவினால், அங்கே தொடங்கும் அடிகள் கிடைக்கும், சுருதி கிடைக்காது. மௌனமான சுருதியோடு பாட்டு தொடங்கும்.

எல்லா நோட்டின் உச்ச நீளத்தைத் தெரிந்துகொண்டு அவ்வளவு தூரம் பின்னால் போய்த் தேடுவது ஒரு வழி. இந்த ஒரு சுருதியால் உச்ச நீளமே பாட்டு முழுசாகிவிடும், வழி பயனற்றுப் போகும். தொடக்கம், முடிவு இரண்டையும் வைத்துத் தேடும் இன்டர்வல் ட்ரீ இதை முறையாகத் தீர்க்கும். ஆனால் இப்படிப்பட்ட மென்பொருளுக்கு நான் விரும்புவது இன்னும் எளியது: நான்கு அடிக்கு மேல் நீளும் நோட்டுகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள். அவை விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும், மொத்தத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு நான்கு அடி மட்டும் பின்னால் போனால் போதும்.

படி 9: சோதனை

முதலில் மிக மந்தமான, ஆனால் தவறவே முடியாத ஒரு வரிசையை எழுதி வையுங்கள்: ஒவ்வொரு கட்டுக்கும் எல்லா நோட்டையும் தொடக்கத்திலிருந்து பார்த்து எடுப்பது. பிறகு வேகமான கட்டமைப்பையும் அதையும் ஒரே பாட்டில், ஒலி அட்டை இல்லாமல், கோப்பில் எழுத விடுங்கள். கட்டின் அளவை 64, 256, 1,000 என்று மாற்றுங்கள். மிஸ்ர நடை, நடுவில் வேகமாற்றம், சுழற்சி, ஒரே டிக்கில் உடுக்கையின் சுருதியும் அடியும், எல்லாவற்றையும் அந்தப் பாட்டில் சேருங்கள். போனில் அளக்கும்போது ஒரு கட்டுக்கு ஆன அதிகபட்ச நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சராசரியை விட்டுவிடலாம். இரண்டு கோப்பும் ஒரு சாம்பிள்கூட மாறாமல் இருந்தால் வேகமானதைப் போட்டுக்கொள்ளலாம். மாறியிருந்தால் முதலில் விலகிய நோட் எது, அது எந்த வரிசையிலிருந்து வந்தது என்று பாருங்கள். தேட வேண்டிய இடம் அதுதான்.